மாதவிடாய் நிற்கும் காலம்: தொல்லைகளை இயல்பாகத் தணிக்கும் வழிகள்

நள்ளிரவில் உடல் முழுவதும் வேர்த்து விழிப்பு வருகிறதா? காரணம் எதுவும் இல்லாமல் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறீர்களா? காலையில் எழுந்ததும் விரல்களும் முழங்கால்களும் பிடித்துக்கொள்கின்றனவா? உங்களுக்கு 45 வயதுக்கு மேல் ஆகியிருந்தால், மாதவிடாய் நிற்பது இவற்றுக்குக் காரணமாக இருக்கலாம்.

நம் வீடுகளில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. "தீட்டு நின்னுடுச்சு, இனிமே தொல்லை இல்ல" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. "வயசானா இப்படித்தான்" என்று சொல்லி, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பவர்களும் உண்டு. அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டோம்; மகளிடமும் சொல்லியிருக்க மாட்டோம்.

இந்தச் சிற்றேடு உங்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. முதலாவது: இக்காலத்தில் வரும் பல தொல்லைகளை உணவு, உடற்பயிற்சி, தூக்கம் ஆகிய அன்றாடப் பழக்கங்களால் தணிக்கலாம். இரண்டாவது: சில அறிகுறிகளுக்குக் கைமருந்து போதாது, அவற்றுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வது உங்கள் உயிரையே காக்கக்கூடும்.

மாதவிடாய் நிற்பது என்றால் என்ன?

தொடர்ந்து 12 மாதங்களுக்கு மாதவிடாய் வராமல் இருந்தால், மாதவிடாய் நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. இது நோய் அன்று. பூப்படைவதைப் போல இதுவும் ஒரு பெண்ணின் வாழ்வில் வரும் இயல்பான கட்டம்.

ஆனால் அது ஒரே நாளில் நிற்பதில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மாற்றங்கள் தொடங்கிவிடும். ஒரு மாதம் 20 நாளில் வரும். அடுத்து இரண்டு மாதம் வராமல் இருக்கும். மாதவிடாய்க்கு முன் சிலருக்கு வழக்கமாக வரும் எரிச்சல், மார்பு கனத்தல், வயிறு உப்புதல், தலைவலி ஆகியவை இக்காலத்தில் முன்பைவிடக் கூடுதலாகத் தெரியலாம்.

சினைப்பைகளை அறுவை சிகிச்சையில் அகற்றியவர்களுக்கு மாதவிடாய் உடனடியாக நின்றுவிடும். தொல்லைகளும் கடுமையாக இருக்கலாம். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டால், அதை இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும் காலத்திலும் கரு உண்டாக வாய்ப்பு உண்டு. கடைசி மாதவிடாய் வந்தபோது உங்களுக்கு 50 வயது ஆகியிருந்தால் ஓராண்டு வரையிலும், 50 வயதுக்குக் குறைவாக இருந்தால் இரண்டு ஆண்டுகள் வரையிலும் கருத்தடை முறையைத் தொடர்வது நல்லது.

உடலில் என்ன நடக்கிறது?

சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இக்காலத்தில் ஏறி இறங்கி, பிறகு குறைந்துவிடுகிறது. மூளை, எலும்பு, இதயம், ரத்தக் குழாய், தோல், சிறுநீர்ப்பை என உடலின் பல பகுதிகளுக்கு இந்த ஹார்மோன் துணை செய்து வந்தது. அதனால்தான் அது குறையும்போது ஒரே சமயத்தில் பல இடங்களில் மாற்றம் தெரிகிறது. பொதுவாகக் காணப்படும் அறிகுறிகள்:

• முகம், கழுத்து, மார்பில் திடீரென்று எழும் வெக்கை
• இரவில் வியர்த்தல், தூக்கம் கெடுதல்
• மூட்டுகளிலும் தசைகளிலும் வலி, பிடிப்பு
• எரிச்சல், கவலை, மனச்சோர்வு, மறதி
• பிறப்புறுப்பில் வறட்சி, உறவின்போது வலி
• அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, இருமினால் சிறுநீர் கசிதல்

எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. சிலருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. வேறு சிலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கும். உங்கள் அக்காவுக்கு வெக்கை பெரிய தொல்லையாக இருந்திருக்கலாம். உங்களுக்கு மூட்டு வலி மட்டும் இருக்கலாம். நம் ஊர்ப் பெண்கள் பலர் வெக்கையைவிட மூட்டு வலியையும் தசை வலியையுமே அதிகமாகச் சொல்கிறார்கள்.

திடீர் வெக்கையும் வியர்வையும்

நம் மூளையில் உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தப் பகுதி மிகவும் கூச்சம் உடையதாகிவிடுகிறது. உடல் வெப்பம் சற்றே கூடினாலும், "சூடு அதிகமாகிவிட்டது" என்று அது தவறாக எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. சிலருக்கு அதன் பிறகு குளிரும்.

ஆகவே இது உணவினால் ஏறிய "உடம்புச் சூடு" அன்று. மோரும் இளநீரும் குடிப்பதில் தவறில்லை. குளிர்ந்த பானம் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் சூட்டைக் குறைக்கிறேன் என்று நல்ல உணவுகளை ஒதுக்க வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீர் குடிக்கலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெக்கையைத் தணிக்க இவற்றைச் செய்து பாருங்கள்:

• பருத்தித் துணியில் தளர்வான உடை அணியுங்கள். வெளியே போகும்போது மேலே ஒரு மெல்லிய சட்டை போட்டுக்கொண்டால், வெக்கை வரும்போது கழற்றிவிடலாம்.
• கைப்பையில் சிறு விசிறியும் தண்ணீர்ப் போத்தலும் வைத்திருங்கள். எம்ஆர்டி ரயிலிலோ ஈரச் சந்தையிலோ வெக்கை வந்தால் கைகொடுக்கும்.
• இரவில் மின்விசிறியைப் படுக்கையின் பக்கம் திருப்பி வையுங்கள். மாற்று உடை ஒன்றையும் ஒரு சிறு துண்டையும் தலைமாட்டில் வையுங்கள்.
• உங்களுக்கு வெக்கையைத் தூண்டுவது எது என்று கண்டுபிடியுங்கள். சிலருக்குக் காரமான குழம்பு, சிலருக்குச் சூடான கோப்பி, சிலருக்கு மதுபானம். இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் குறைத்தால் போதும். மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாததை நீங்களும் விட வேண்டியதில்லை.
• உடல் எடை அதிகமாக இருந்தால், சிறிது குறைத்தாலும் வெக்கை தணிய வாய்ப்பு உண்டு.
• புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது வெக்கையைக் கூட்டும். எலும்பையும் இதயத்தையும் கெடுக்கும்.

வெக்கை வரும்போது பதற்றமும் சேர்ந்துகொண்டால் இன்னும் கடினமாகத் தோன்றும். உட்கார்ந்துகொள்ளுங்கள். மூக்கின் வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இது வெக்கையை நிறுத்திவிடாது. ஆனால் அது கடந்து போகும்வரை மனத்தை அமைதியாக வைத்திருக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீங்கள் இன்சுலின் போட்டுக்கொள்பவராகவோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவராகவோ இருந்தால், இரவு வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். மாதவிடாய்த் தொல்லைதான் என்று தூங்கிவிடாதீர்கள். உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 4.0 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அடிக்கடி இப்படி நடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

நல்ல தூக்கம்

இரவில் இரண்டு மூன்று முறை எழுந்தால், அடுத்த நாள் எரிச்சலும் மறதியும் வருவது இயல்பே. தூக்கம் சீரானால் மற்றத் தொல்லைகளும் பாதி குறைந்ததுபோல் இருக்கும்.

• ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
• பகலில் தூங்க வேண்டும்போல் இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மாலையில் தூங்கவே வேண்டாம்.
• மதிய உணவுக்குப் பிறகு கோப்பியையும் தேநீரையும் தவிர்த்துப் பாருங்கள்.
• இரவு உணவைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். படுப்பதற்கு முன் அதிகமாகத் தண்ணீர் குடிக்க வேண்டாம்.
• படுக்கையில் கைத்தொலைபேசி பார்ப்பதையும் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதையும் நிறுத்துங்கள்.

மூட்டு வலியும் எலும்பு வலுவும்

மூட்டு வலிக்கும்போது அசையாமல் உட்கார்ந்திருந்தால் நல்லது என்று தோன்றும். உண்மையில் அசையாமல் இருந்தால் தசை மெலிந்து, வலி கூடும். மெதுவாகத் தொடங்கி, தொடர்ந்து செய்யும் உடற்பயிற்சிதான் வலியைக் குறைக்கும். அதே உடற்பயிற்சி மனச்சோர்வையும் தூக்கமின்மையையும் தணிக்கும். ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவும் உதவும்.

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக வலு இழக்கிறது. அப்போது வலி எதுவும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியும்போதுதான் தெரியவரும். இப்போது நீங்கள் செய்யும் பயிற்சி 75 வயதில் நீங்கள் சொந்தக் காலில் நிற்பதற்கான சேமிப்பு.

• வாரத்தில் 150 நிமிடமாவது வேகமாக நடங்கள். நாளுக்கு 30 நிமிடம் வீதம் ஐந்து நாள் நடந்தால் போதும். ஒரேயடியாக முடியாவிட்டால் 10 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.
• மழை பெய்தால் வீட்டின் கீழ்த்தளத்திலோ கடைத்தொகுதிக்குள்ளோ நடக்கலாம்.
• வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காருங்கள். இப்படி 10 முறை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். இதுவும் 10 முறை. இரண்டு சிறு தண்ணீர்ப் போத்தல்களைக் கையில் பிடித்து உயர்த்தலாம்.
• உடல் சமநிலைக்கு, சுவரின் பக்கத்தில் ஒற்றைக் காலில் 10 விநாடி நின்று பழகுங்கள். யோகாவும் தாய்ச்சியும் இதற்கு நல்லவை. சமூக மன்றங்களில் இவற்றுக்கான வகுப்புகள் உண்டு.

இதய நோய், கடுமையான மூட்டுத் தேய்மானம் போன்றவை இருந்தால், எந்தப் பயிற்சி ஏற்றது என்று முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் எலும்பின் நிலையை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்காக உருவாக்கப்பட்டது இது. உங்கள் வயதிலிருந்து உங்கள் எடையைக் கிலோகிராமில் கழியுங்கள். எடுத்துக்காட்டாக, வயது 68, எடை 45 கிலோ என்றால் விடை 23. விடை 20-க்கு மேல் இருந்தால், எலும்புத் தேய்வு ஏற்படும் வாய்ப்பு அதிகம்; எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். விடை குறைவாக இருந்தாலும், லேசாக விழுந்ததில் எலும்பு முறிந்தவர்களும், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுபவர்களும், தாய் தந்தையருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தவர்களும் கேட்பது நல்லது.

என்ன சாப்பிடலாம்?

51 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. ஒரு பெரிய குவளைப் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வழி உண்டு:

• தயிர், மோர். சுண்ணாம்புச் சத்து சேர்க்கப்பட்ட சோயா பால்
• கேழ்வரகுக் கூழ், கேழ்வரகுத் தோசை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.
• முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. உப்பு அதிகமாக இருக்கும், கழுவிவிட்டுச் சமையுங்கள்.
• டோஃபு, டெம்பே, எள், முருங்கைக்கீரை, கைலான், சாய் சிம்

பசலைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் அதை உடல் எடுத்துக்கொள்ள விடாது. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். காலையிலோ மாலையிலோ வெயில் படும்படி நடப்பது உதவும். எப்போதும் வீட்டுக்குள் இருப்பவர்களும், உடல் முழுவதையும் மறைத்து உடுத்துபவர்களும் மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

சோயா உணவு வெக்கையைத் தணிக்குமா? சிலருக்குச் சிறிது பலன் தெரிகிறது, எல்லாருக்கும் தெரிவதில்லை. ஆனால் டோஃபு, டெம்பே, சீனி குறைந்த சோயா பால் ஆகியவை நல்ல புரதச் சத்து உள்ள உணவுகள். ஆகவே தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். சோயாவிலிருந்து எடுத்த மாத்திரைகள் வேறு. அவற்றை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பிறகு கெட்ட கொழுப்பு கூடும். இடுப்பைச் சுற்றிச் சதை போடும். இதய நோய்க்கான ஆபத்தும் உயரும். நம் சமூகத்தில் நீரிழிவும் அதிகம். ஆகவே தட்டில் பாதியைக் காய்கறியாலும் பழத்தாலும் நிரப்புங்கள். கால் பங்கு தவிடு நீக்காத அரிசி, சப்பாத்தி போன்றவை. கால் பங்கு மீன், பருப்பு, முட்டை போன்றவை. தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகக் கொழுப்புக் குறைந்த பாலோ தயிரோ ஊற்றிக் குழம்பு வைக்கலாம். கடையில் குடிக்கும்போது 'கோப்பி ஓ கொசொங்', 'தே சி கொசொங்' என்று சீனி இல்லாமல் கேளுங்கள்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் தொல்லைகள்

பிறப்புறுப்பு வறண்டு, எரிச்சலோ அரிப்போ எடுப்பது இக்காலத்தில் மிகவும் சாதாரணம். கணவருடன் சேரும்போது வலித்தால், அது உங்கள் குற்றமும் இல்லை, அன்பு குறைந்துவிட்டதன் அடையாளமும் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும், நீர் கலந்த வழவழப்புக் களிம்பு உதவும். சோப்பு, மணமூட்டிய திரவம் ஆகியவற்றால் உட்பகுதியைக் கழுவ வேண்டாம்; வெறும் தண்ணீர் போதும். வெக்கை காலப்போக்கில் தணிந்துவிடும். ஆனால் வறட்சி தானாகச் சரியாவது அரிது. எனவே பல ஆண்டுகள் பொறுத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த இடத்தில் மட்டும் தடவும் அல்லது வைக்கும் மருந்துகள் உள்ளன.

இருமும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசிந்தால், இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செய்யுங்கள். வாயுவையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் உள்ளுக்குள் இறுக்குங்கள். ஐந்து விநாடி பிடித்து, பிறகு தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யுங்கள். உட்கார்ந்தபடியே செய்யலாம், பேருந்தில்கூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம், விடாமல் செய்யுங்கள்.

மனத்துக்கும் மருந்து உண்டு

இந்த வயதில்தான் பிள்ளைகள் திருமணமாகி வேறு வீட்டுக்குப் போகிறார்கள். வயதான தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஹார்மோன் மாற்றமும் சேரும்போது மனம் தளர்வது இயல்பு. "எனக்கு என்ன குறை, ஏன் அழுகை வருது" என்று உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள்.

நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். நாளில் அரை மணி நேரமாவது உங்களுக்காக ஒதுக்குங்கள்: தோழியுடன் நடை, கோயில், தையல், பாட்டு என்று உங்களுக்குப் பிடித்த எதுவாகவும் இருக்கலாம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளக் கற்றுத் தரும் மனநல ஆலோசனை, வெக்கையின் தொல்லையையும் தூக்கமின்மையையும்கூடக் குறைக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், 1767 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

"இயற்கை" என்று எழுதியிருந்தால் பாதுகாப்பானதா?

தோழிகள் சொல்வதைக் கேட்டும், கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களைப் பார்த்தும் பலர் மூலிகை மருந்துகளை வாங்குகிறார்கள். இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது.

• தாங் குவாய் என்னும் சீன மூலிகை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்துடன் சேர்ந்தால் ரத்தக்கசிவை ஏற்படுத்தலாம். ஜின்செங்கும் அந்த மருந்தின் வேலையை மாற்றக்கூடும்.
• பிளாக் கோஹோஷ் என்னும் மூலிகையைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது.
• ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் வெக்கையைக் குறைப்பதாக நல்ல சான்று இல்லை.
• வெந்தயத்தைச் சமையலில் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் நாள்தோறும் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால், நீரிழிவு மருந்துடன் சேர்ந்து சர்க்கரையை அதிகமாகக் குறைத்துவிடலாம்.
• "மூட்டு வலி மூன்றே நாளில் போகும்" என்று விற்கும் பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்கவே வேண்டாம். இத்தகைய பொருள்களில் அறிவிக்கப்படாத ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முதலில் வலி மாயமாக மறையும்; பிறகு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஏற்கெனவே சாப்பிட்டுவந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

எந்த மூலிகை மருந்தைச் சாப்பிட்டாலும், அதன் போத்தலையோ பொட்டலத்தையோ மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் காட்டுங்கள். அவர்கள் உங்களைத் திட்டமாட்டார்கள். தெரிந்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பான மருந்தைத் தர முடியும்.

இவற்றுக்குக் கைமருந்து வேண்டாம்

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், அது மாதவிடாய் திரும்பி வந்ததாகாது. ஒரே ஒரு துளியாக இருந்தாலும், வலி இல்லாமல் இருந்தாலும், ஒரே நாளில் நின்றுவிட்டாலும், மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வறட்சி, சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் பெரும்பாலும் இதுதான். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அந்தப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். "திரும்பி வந்தா நல்லதுதான், இளமை திரும்புது" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் காத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பின்வரும் நிலைகளிலும் காலம் தாழ்த்த வேண்டாம்:

• மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களுக்கு மிக அதிகமான ரத்தப்போக்கு, கட்டி கட்டியாக வெளியேறுதல், உறவுக்குப் பிறகு ரத்தம் படுதல்
• மார்பகத்தில் கட்டி, காம்பில் நீர் அல்லது ரத்தம் கசிதல்
• காரணமில்லாமல் எடை குறைதல், வயிறு தொடர்ந்து உப்பியிருத்தல்
• ஓய்வாக இருக்கும்போதும் நெஞ்சு படபடத்தல், கை நடுங்குதல். இது தைராய்டு சுரப்பியின் கோளாறாகவும் இருக்கலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி ஆகியவற்றுடன் வியர்த்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். வெக்கை என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். உடனே 995-ஐ அழையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

மூன்று மாதம் முயன்றும் தொல்லை குறையாவிட்டால், அல்லது அது உங்கள் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். ஹார்மோன் சிகிச்சை வெக்கைக்கு மிகவும் பலன் தரும் சிகிச்சை. மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள், 60 வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்கு, பொதுவாக அதன் நன்மை ஆபத்தைவிட அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம் போன்றவை வந்தவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதன்று. ஹார்மோன் இல்லாத வேறு மருந்துகள் அவர்களுக்கு உண்டு. எது உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவருடன் பேசி முடிவு செய்யுங்கள். மருந்தை நாடுவது தோல்வி அன்று; இயல்பான வழிகளை அதனுடன் சேர்த்தே தொடரலாம்.

இவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்:

• கடைசியாக மாதவிடாய் வந்த தேதி
• உங்களை மிகவும் வருத்தும் மூன்று தொல்லைகள், எழுதி வைத்த குறிப்பு
• நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளும், மூலிகைகள் உட்பட

ஆண் மருத்துவரிடம் பேசக் கூச்சமாக இருந்தால், பெண் மருத்துவர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம். ஆங்கிலத்தில் சொல்லக் கடினமாக இருந்தால் மகளையோ மருமகளையோ அழைத்துச் செல்லுங்கள். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மாதவிடாய் நின்றுவிட்டதால் பரிசோதனைகள் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். 50 வயதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரே பரிசோதனையும், 69 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்திருந்தால், எந்தப் பரிசோதனை எப்போது என்று உங்கள் மருத்துவரே சொல்வார்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

அம்மாவோ மனைவியோ சட்டென்று கோபப்பட்டால், "உனக்கு என்ன ஆச்சு" என்று எதிர்த்துப் பேசுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். இரவு சரியாகத் தூங்கினாரா என்று கேளுங்கள். மின்விசிறியின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் கூட்டிவிட்டு, நீங்கள் ஒரு போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். இரவு உணவுக்குப் பின் பாத்திரங்களைக் கழுவிக் கொடுங்கள்; பிறகு அவருடன் சேர்ந்து கீழே இறங்கி நடந்து வாருங்கள். அந்த அரை மணி நேர நடை உங்களுக்கும் நல்லது.

இன்றே தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். இந்த வாரம் ஒன்றைத் தொடங்குங்கள்: நாளுக்கு 10 நிமிட நடை. அடுத்த வாரம் பிற்பகல் கோப்பியை விடுங்கள். அதற்கடுத்த வாரம் நாற்காலிப் பயிற்சியைச் சேருங்கள். நாட்காட்டியில் ஒரு மூலையில் குறித்துக்கொண்டே வந்தால், மூன்று மாதத்தில் மாற்றம் உங்களுக்கே தெரியும்.

இத்தனை ஆண்டுகள் வீட்டில் எல்லாருடைய உடல்நலத்தையும் கவனித்துக்கொண்டீர்கள். இனி உங்களுடையதையும் கவனியுங்கள். இந்தச் சிற்றேட்டைப் படித்து முடித்ததும் உங்கள் அக்கா தங்கையிடமோ, அண்டை வீட்டாரிடமோ கொடுங்கள். அவர்களும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கலாம்.